கோட்டுக்கு ஒரு விரல் வெளியே

பந்து வெளியேதான் விழுந்தது. கோட்டுக்கும் பந்துக்கும் இடையில் தாராளமாக ஒரு விரலை வைக்கலாம். நான் கண்டேன். எதிர்ப்பக்கம் நின்ற ஹோட்டல் மனேஜர் கண்டார். வேலிக்கு வெளியே சைக்கிளில் குந்தியிருந்து விடுப்புப் பார்த்த ஐஸ்பழக்காரர்கூடக் கண்டார். என்னோடு சோடியாக ஆடிய அக்கா மட்டும் உள்ளங்கையைத் தரைப்பக்கமாக விரித்துக் காட்டி, "உள்ள" என்றார்.

நான் அதற்கு முன்பே "வெளிய" என்று கத்திவிட்டேன். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். சோடியில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் அது சந்தேகம். சந்தேகம் என்றால் பந்து உள்ளே. பத்துக்கு ஒன்பது என்று நின்ற ஆட்டம் பதினொன்றுக்கு ஒன்பது என்று முடிந்தது. வலையடிக்கு வந்து கைகொடுத்த மனேஜருக்கே வெட்கமாக இருந்தது. அக்கா வாய் நிறையச் சிரித்தார். எனக்கு மட்டையை வாவிக்குள் எறிந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போகலாம் போல வந்தது.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் விளங்காது. எல்லோருக்கும் அவர் கோச்சக்கா. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த ஓய்வுபெற்ற தபாலதிபரும் அவரைக் கோச்சக்கா என்றுதான் கூப்பிட்டார். அவர் போய் இப்போது மூன்று மாரி கழிந்துவிட்டது. என்னுடைய மேசை லாச்சிக்குள் அவருடைய பந்து ஒன்று கிடக்கிறது. வெடித்த பந்து. எறிய மனம் வரவில்லை.

நான் டவுனில் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் காணி உறுதிப் பத்திரங்களை டைப் பண்ணுகிறவள். கதிரையில் இருந்து இருந்தே சீனி கூடி, முழங்காலும் பழுதாகி, "நடவுங்க, இல்லாட்டி என்னத்தையாவது விளையாடுங்க" என்று டொக்டர் ஏசிய நாட்களில்தான், வவுணதீவுப் பக்கம் ஒரு அக்கா பிக்கிள்பால் பழக்குகிறாவாம் என்று கேள்விப்பட்டேன். அச்சாறு போடப் பழக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பின்னேரம் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வலையிறவுப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தால், வாவிக்கரையில் ஒரு தாழ்ந்த வளவு. மாரியில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கிற காணி. ஒரு மூலையில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. வளவின் ஒரு பகுதியை மட்டும் கிறவல் கொட்டி உயர்த்தி, அதன்மேல் பெரிய சீமெந்துத் தரை. தரையில் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்றில் கோடுகள். குறுக்கே பழைய மீன்வலை. ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு பிளாஸ்டிக் பந்தை நாலு பேர் மேசைப்பந்து மட்டையைப் பெருப்பித்தது போன்ற மட்டைகளால் தட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில், வீட்டில் உடுக்கிற சோட்டிக்குமேல் ஆம்பிளைச் சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாய் கட்டிய ஒரு மனுசி.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வா புள்ள. சப்பாத்து இல்லாட்டி வெறுங்கால்" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை.

திங்களும் புதனும் புதுசுகளுக்கு. செவ்வாயும் வியாழனும் இடைத்தரத்துக்கு. மட்டையைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பிடிக்கவேண்டும், "இறுக்கினாச் செத்துப்போகும், உட்டா ஓடிப்போகும்." வலையின் இரண்டு பக்கமும் ஏழடிக்கு ஒரு கட்டம் உண்டு. அதற்குள் நின்றுகொண்டு, நிலத்தில் படாத பந்தை அடிக்கக்கூடாது. உலகமெல்லாம் அதற்குக் கிச்சன் என்று பெயராம். அக்கா குசினி என்றார். குசினிக்குள் கால் வைத்துப் பிழை விட்டவர் அடுத்தநாள் நேரத்தோடு வந்து முழுக் கோர்ட்டையும் கூட்டவேண்டும். தபாலதிபரின் புண்ணியத்தில் கோர்ட் எப்போதும் துப்புரவாகக் கிடந்தது.

இடைத்தரத்துக்கு ஏறினால் ஓங்கி அடிக்கப் பழக்குவார் என்று ஆசைப்பட்டிருந்தேன். ஏறினபிறகு மெதுவாக அடிக்கத்தான் பழக்கினார். "பலமா அடிக்க ஆருக்கும் ஏலும். மெள்ளப் போடு. பூனை மதிலால குதிச்ச மாதிரி அங்கால குசினிக்குள்ள போய் உழோணும்." அதற்கு முழங்காலை மடக்கிக் குனியவேண்டும். எனக்கு மடங்குகிற முழங்காலா அது? "குனி புள்ள, குனி புள்ள" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் டொக்டரின் குளிசையைவிட அந்தக் குனிவுதான் எனக்குக் கேட்டது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து நாங்கள் அனுப்பிய இடத்துக்குப் போகாது, தன்பாட்டில் வாவிக்குப் போகும். அக்கா சோட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி எடுத்துவந்து, காதுக்குக் கிட்டப் பிடித்துத் தட்டிப் பார்ப்பார். வெடித்த பந்து வேறு மாதிரிச் சத்தம் போடுமாம். நான் எத்தனை தரம் கேட்டும் எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

ஆனால் அடியைவிட, குனிவைவிட, அவர் கடுமையாகப் பழக்கியது ஒன்றைத்தான். பந்து கோட்டடியில் விழுந்ததும் யாராவது "வெளிய" என்று சொன்னால் ஆட்டத்தை நிற்பாட்டிவிடுவார்.

"வடிவாக் கண்டயா?"

"கண்ட மாதிரித்தான் அக்கா."

"மாதிரி எண்டா உள்ள."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல. இருபது வருடம் உறுதி எழுதுகிற இடத்தில் இருந்தவளுக்கு எல்லைக்கல் எப்படி நடக்கும் என்று தெரியும். சந்தேகம் வந்தால் வெளியே என்பதுதான் என் சுபாவம். பந்தையும் அப்படித்தான், மனுசரையும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, அக்காவின் "உள்ள" எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகவும், பிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இப்படியும் ஒரு மனுசி நேர்மையாக இருக்கிறாவே என்று.

அவர் கோர்ட்டுக்குள் மட்டும் அப்படி இல்லை. ஒரு மழைக்குப் பிறகு பக்கத்து வளவுக்காரர் வேலியைப் புதிதாகக் கட்டினார். கட்டி முடிந்தபோது அக்கா நட்ட மாதுளை மரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

"அக்கா, மாதுளை அங்கால நிக்குது."

"ஓம்."

"என்ன ஓம்? போய்க் கேளுங்க."

"அவர் கதியால் போட்டதை நான் வடிவாக் காணல்லயே புள்ள. அந்த மனிசன்தானே நமக்கு வலை கட்டித் தந்தவர்."

"அப்ப மாதுளை நடந்து போனதா?"

"ஆருக்குத் தெரியும்" என்று சிரித்தார். அந்த வருடம் பக்கத்து வளவுக்காரர் அவருடைய மாதுளங்காயில் இரண்டை அவருக்கே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கி வைத்து நன்றியும் சொன்னார்.

அறுவடை நாட்களில் பக்கத்து வட்டையில் வெட்டிய நெல்லைக் காயப்போட இடம் கேட்டு வருவார்கள். ஊரில் பாதிப்பேர் அந்தத் தரையைக் களம் என்றுதான் சொன்னார்கள். அரைக் கோர்ட்டில் நெல், அரைக் கோர்ட்டில் நாங்கள். நெல்லில் பந்து விழுந்தால் அதுவும் உள்ளே.

புருசன்காரர் விசயத்திலும் இதே கதைதான். அக்கா வீட்டுவேலைக்கு வெளிநாடு போன இரண்டாம் வருடமே அந்த மனிதர் வாகரைப் பக்கம் இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். ஊர் முழுக்கத் தெரியும். அக்கா மட்டும் மூன்று வருடம், "அந்தப் பக்கம் மீன்பாடு நல்லம்போல, அதான் நிக்கார்" என்று தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை அவரே எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். இப்போது நினைக்க அந்தச் சிரிப்புக்காக வெட்கமாக இருக்கிறது.

ஹோட்டல் ஆட்டத்தில் தோற்ற அன்று, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அது வெளியதானே?"

"வெளியதான்."

"வடிவாக் கண்டீங்களா?"

"கண்டன்."

எனக்கு வந்த கோபத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். "அப்ப என்னத்துக்கு உள்ள எண்டு சொன்னீங்க?"

அக்கா இறங்கிப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். கீழே ஒரு தோணிக்காரர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாய் வரல்ல புள்ள" என்றார். "அங்க மேடம் ஆக்கள் விளையாடக்குள்ள நான் பந்து பொறுக்கிக் குடுக்கிற ஆள்தானே. நாலாவது ஆள் வராட்டி என்னைக் கூப்பிடுவாங்க. அப்பிடித்தான் பழகின. மேடத்திட பந்து வெளிய போனா, நான் அவுட் எண்டு சொல்லேலுமா? மறுகா இராச்சாப்பாட்டுக்கு அவட முகத்தைப் பாக்கோணுமே. பதினாலு வருசம் உள்ள உள்ள எண்டு சொல்லிச் சொல்லி, இப்ப வெளிய எண்டு சொல்ல நாக்குக் கிறுகுதில்ல."

நான் நேர்மை என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை செய்தது இதற்குத்தானா? பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் எண்டு சொல்லுவாங்க அக்கா."

"குனியாட்டி இந்த விளையாட்டு விளையாடேலா புள்ள. எடு வண்டியை" என்றார்.

அன்றிலிருந்து அவர் உள்ளங்கையை விரித்து "உள்ள" என்று சொல்லும்போதெல்லாம் நான் வாவிப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தத் தரை கோர்ட்டுக்காகப் போட்டதல்ல என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே வீட்டுக்கவலையும் பிறந்துவிடும். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அக்காவுக்கு ஒரே மகள். அந்த மகளை ஐந்து வயதில் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்காகக் கடல் கடந்தார். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனார். போன இடத்தில் இரண்டு, நாலாகி, பத்தாகி, பதினாலு ஆகிவிட்டது. திரும்பி வந்து முதல் வேலையாக வளவில் வீட்டளவுக்குக் கிறவல் போட்டு உயர்த்தி, தரையைப் போட்டார். சுவர் எழுப்ப முந்தி, ஒரு பின்னேரம் அந்த வெறும் தரையில் தனியாக நின்றிருக்கிறார். பெட்டிக்குள் மேடம் கழித்துவிட்ட நாலு மட்டையும் கொஞ்சப் பந்தும் கிடந்தன.

"சும்மா கோடு போட்டுப் பாத்தன் புள்ள. மகள்ற கலியாணம் மட்டும் கிடக்கட்டுமே எண்டு."

கோடு போட்டவர் பிறகு ஒரு கல்கூட வாங்கவில்லை. கேட்டால் மாரி முடியட்டும் என்பார். மாரி முடிந்தால் கச்சான் முடியட்டும் என்பார். அக்கா வாழ்நாளில் தனக்கென்று செய்த ஒரே களவு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தரையில் அவரை எவரும் "இஞ்ச வா" என்று கூப்பிடவில்லை. தபாலதிபரும் டீச்சர்மாரும் நானும், "கோச்சக்கா, இது சரியா?" என்று கேட்டுக்கொண்டு நின்றோம். அந்தக் கோர்ட் போனால் அவர் திரும்பவும் யாரோ ஒருவருடைய வேலைக்காரி. எனக்கு அது விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும். வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

மகள் கோர்ட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். கிணற்றடிக்குப் போகும்போதுகூட வளவைச் சுற்றித்தான் போவாள். அவளுக்கு இருபத்திரண்டு நடந்த வருடம் பழுகாமத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. மின்சார வேலை செய்கிற பெடியன், குடிவெறி இல்லை, பேச்சு அளவு. பேசிமுடிக்க வந்த அன்று பெடியனின் தாய் குதியால் தரையை இரண்டு தரம் தட்டிப் பார்த்து, "அடித்தளம் ரெடியாத்தான் இரிக்கு" என்றாராம். அப்போதுதான் அக்கா கேட்டிருக்கிறார், "தம்பி, பின்பக்கத்தை நிரப்பிப்போட்டு அங்கால கட்டினா என்ன? இதில கொஞ்சப்பேர் விளையாட வாறவங்க."

பெடியன் தரையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "பாப்பம் மாமி" என்றான்.

அடுத்தநாள் அக்கா இதை என்னிடம் சொன்னபோது முகம் பூரித்துக் கிடந்தது. "பாப்பமெண்டு சொன்னவர்."

"அக்கா, பாப்பமெண்டா இல்லையெண்டு."

"உனக்கு எப்பிடித் தெரியும்? வடிவாக் கண்டயா?"

நான் காணவில்லைதான். ஆனால் சும்மா இருக்க என் சுபாவம் விடவில்லை. மகளிடம் போய்க் கதைத்தேன். அம்மாவுக்கு இந்த விளையாட்டு எவ்வளவு பெரியது தெரியுமா, பின்வளவை நிரப்ப நாங்களும் சேர்ந்து உதவுவோம், கொஞ்சம் பொறுக்கலாமே என்று வக்கீல் மாதிரி அடுக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள். எழும்பிப் போய் ஒரு பழைய கொப்பியை எடுத்துவந்து நடுப்பக்கத்தை விரித்தாள். பென்சிலால் கீறிய ஒரு வீடு. சின்னப்பிள்ளைக் கையெழுத்தில் ஹோல், குசினி, சாமி அறை. வாவியைப் பார்த்து ஒரு ஜன்னல்.

"அம்மா கோல் எடுக்கக்குள்ள எல்லாம், இந்தமுறை இந்த அறை கட்டப்போறன் மகள், அந்த அறை கட்டப்போறன் மகள் எண்டு சொல்லுவா. நான் ஒவ்வொண்டாக் கீறி வைப்பன். இது என்ட அறை. இது அம்மாட அறை." விரலை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். "பதினாலு வருசம் இதுக்குத்தானே அன்ரி நான் அம்மா இல்லாமக் கிடந்தது? வந்து விளையாட்டுக்குக் கோடு போட்டுவெச்சா."

கொப்பியை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தாய் பக்கமும் நியாயம், மகள் பக்கமும் நியாயம், உயரமான நிலம் ஒன்றே ஒன்று. இதில் யாரோடு நான் சண்டை பிடிப்பது?

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. உறுதி எங்கள் கந்தோரில்தான் எழுதுவதாக இருந்தது. காணியைப் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும்போது, கொடுக்கிறவர் தன் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளலாம். சாகும்வரை அந்தக் காணியில் அவருக்கும் ஒரு பிடி இருக்கும். முதல்நாளே அக்காவுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். "நீங்க ஒரு வசனம் சொன்னாப் போதும் அக்கா. சீவிய உரித்து வேணும் எண்டு. மிச்சத்தை நான் டைப் பண்ணுவன்." ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் அவன் தாயும் வந்து மர வாங்கில் இருந்தார்கள். நொத்தாரிசு ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "அம்மா, சீவிய உரித்து வெக்கிறதா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அக்கா மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா உள்ளங்கையைத் தரைப்பக்கமாக விரித்து மெதுவாக ஆட்டினார். "வேணாம் ஐயா. நம்மட புள்ளதானே."

என் விரல்கள் விசைப்பலகையின்மேல் நின்றன. ஐயா அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் அலுவலில் வாய் வைக்கக்கூடாது என்பது எங்கள் கந்தோர் ஒழுங்கு. எத்தனையோ ஒழுங்கை நான் அந்தக் கந்தோரில் மீறியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மீறவில்லை. டைப் பண்ணினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமை போகவில்லை. வியாழக்கிழமை, இடைத்தர நாள். நாங்கள் மட்டையோடு போனால், கோர்ட்டில் மேசன் நூல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "கோடு முந்தியே போட்டுக் கிடக்கே, நமக்கு வேலை லேசு" என்று மூலைமட்டத்தை நீலக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார். டிரக்டரிலிருந்து கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீன்வலை சுருட்டி ஒரு மூலையில் கிடந்தது. அக்கா கல் சுமக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

எங்களில் எவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. தபாலதிபர் மட்டும் வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினார். கல் சுமந்தவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். மாப்பிள்ளை என்னிடம் வந்து, "பாத்தம் அன்ரி, பின்வளவு சரிவராது. நிரப்பினாலும் மாரிக்கு இறங்கும்" என்றான். பொய் சொல்லவில்லை. பார்த்துத்தான் இருக்கிறான்.

அக்கா எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி தந்தார். "நிண்டு குடிச்சிட்டுப் போ புள்ள" என்றார்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். அக்கா இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தார். சுவர் ஜன்னல் நிலைக்கு மேலே வந்ததும் வேலை நின்றுவிட்டது. கூரைக்கு வழியில்லை. மாரி வர இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பழைய மேடம் கூப்பிட்டிருக்கிறார். மேடத்தின் தாய் படுக்கையில், பார்க்க ஆள் வேண்டும் என்று.

அவர் போகிற அன்று பஸ் ஏற்றிவிட நான் போனேன். பெட்டி வாசலில் நின்றது. என்னைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கூரையில்லாத அறைகள். மேலே வானம் வெளித்துக் கிடந்தது. கீழே தரையில் நீலக்கோடுகள் ஒரு சுவருக்குக் கீழே போய் மற்ற அறையில் வெளிவந்தன. ஒரு சின்ன அறையின் வாசலில் நின்று, "இது எனக்காம். மகள்தான் சண்டை பிடிச்சு வெச்ச" என்றார். அந்த அறையின் மூலையைப் பழைய குசினிக்கோடு வெட்டிக்கொண்டு போனது. அக்கா உள்ளே போகும்போது அந்தக் கோட்டை மிதிக்காமல், குசினிக்குள் கால் படாமல், சுவரோடு ஒட்டி நடந்துபோனார். தெரிந்துதான் செய்தாரா, கால் தன்பாட்டில் செய்ததா, நான் கேட்கவில்லை.

மகள் ஜன்னல் இருக்கவேண்டிய ஓட்டையில் கை ஊன்றிக்கொண்டு வாவியைப் பார்த்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நான் போகச் சொல்லல்ல அன்ரி" என்றாள்.

மறிக்கவும் இல்லையே என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினேன். நான் மட்டும் மறித்தேனா? அம்மாவின் அறைக்குக் கூரை போடத்தான் அம்மா போகிறார். இதற்குள் யார் கையைப் பிடித்து எதை நிறுத்துவது?

பஸ் நிற்குமிடத்தில் பெட்டியில் குந்தியபடி அக்கா என் கையில் அந்தப் பந்தைத் தந்தார். "வெடிச்ச பந்து. நல்லதெல்லாம் தபால் ஐயாட்டக் குடுத்திட்டன். இதைத் தட்டித் தட்டிக் கேளு. சத்தம் பிடிபடும்."

"ஓம் அக்கா."

"அங்கயும் விளையாடலாம்தானே. ஓராள் வராட்டிக் கூப்பிடுவாங்க."

நான் பந்தின் ஓட்டைகளை எண்ணுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அக்கா எழும்பி, துவாயை உதறித் தோளில் போட்டார்.

"ரெண்டு வருசம்தான் புள்ள. கூரையைப் போட்டுப்போட்டு வந்திருவன். மறுகா பின்வளவை நிரப்புவம், கோடு போடுவம்." என் முகத்தையே பார்த்தார். இத்தனை நாளில் அவர் ஒரு பந்தின் தீர்ப்பையும் எவரிடமும் கேட்டதில்லை. எப்போதும் அவர்தான் சொல்லுவார். "என்ன சொல்றாய்? உள்ளயா வெளியயா?"

பந்து வெளியேதான் விழுந்தது. ஒரு விரல் அல்ல, ஒரு முழம் வெளியே. நான் வடிவாகக் கண்டேன்.

உள்ளங்கையைத் தரைப்பக்கமாக விரித்துக் காட்டி, "உள்ளதான் அக்கா" என்றேன்.